வெண்டைக்கான்னா காலைப் புடி

நாகமலை புதுக்கோட்டையில் பஸ் ஏறிய இரண்டு கல்லூரிப் பெண்கள் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி கபடி பனியனில் இருந்தாள், முழங்காலில் கட்டு.

"வெண்டைக்காயாலதான்டி ஃபைனல்ல தோத்தோம்," என்றாள் அவள்.

"என்னடி சொல்ற?"

"எதிர் டீமுக்குப் புரியக்கூடாதுன்னு எங்க கேப்டன் காய்கறி பேராத்தான் கத்துவா. வெண்டைக்கான்னா நான் பாஞ்சு காலைப் புடிக்கணும். கத்தரிக்கான்னா எல்லாரும் கையைக் கோத்து மடக்கணும்."

"நல்ல சங்கேதந்தானே? அதை யாரு கண்டுபிடிப்பா?"

"கண்டுபிடிச்சாளுகளே! அவளுக ரைடர் சும்மா சும்மா வந்து என் முன்னாடி காலை நீட்டுனா. யாரையும் தொடாமத் திரும்பிப் போயிட்டா. அவ நீட்டுறப்பல்லாம் எங்க கேப்டன் வெண்டைக்கான்னு கத்துனா, நான் பாயுறதுக்குள்ள அவ காலை இழுத்துக்கிட்டா. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னவளுக காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டுருக்காளுக."

மற்றவள் துள்ளிவிட்டாள். "கம்ப்யூட்டர் க்ளாஸ்ல என்கிரிப்ஷனை உடைக்கிறது பத்தி நடத்துனாங்கல்ல, அதேதான்டி! சாவியைத் தேடி அலையாம, நமக்குத் தெரிஞ்ச விஷயத்தையே எதிராளியைச் சங்கேதத்துல சொல்ல வைக்கிறது. என்னா மூளை!"

"இன்னுங் கேளு. கடைசி ரைடுல அவ கபடி பாடிக்கிட்டே வந்தா. எங்க கேப்டன் வாயே தொறக்கல. அந்தப் பக்கம் நின்னவளுகளே ஒண்ணாச் சேந்து வெண்டைக்கான்னு கத்துனாளுக."

"நீ என்ன பண்ண?"

"பாஞ்சுட்டேன். என் முதுகைத் தொட்டுட்டு, என்னையவே தாண்டிப் போயிட்டா. மண்ணுல கெடந்துக்கிட்டே கைதட்டுனேன்டி. எங்க கோச் இன்னும் எங்கிட்டப் பேசல."