இரண்டு பட்டியல்களுக்கு நடுவே ஒரு பக்கம்

குத்துகிற சத்தம். மேற்கே. ஒன்று.

எண்ணுகிறேன். எறிகணை புறப்படும்போது தூரத்தில் உலக்கை குத்துவதுபோல ஓர் ஒலி வரும். அதற்கும் அது வந்து விழுவதற்கும் நடுவே எண்ணப் பழகியிருந்தோம். வன்னியில் பிள்ளைகளுக்கும் அந்தக் கணக்குத் தெரியும். பத்துக்குள் விழுந்தால் நமக்கு. பத்தைத் தாண்டினால் வேறு யாருக்கோ.

இரண்டு. மூன்று.

தவக்காலம். புதன்கிழமை. காலை ஒன்பது பத்து. கடலோரத் தேவாலயத்தின் வளவு. கஞ்சி வரிசை. என் கணவர் மரியநாயகம் அண்டாவின் முன் நிற்கிறார். கையில் நீளப் பிடி போட்ட அகப்பை. தேவாலயத் தொண்டர்களில் கஞ்சி வார்ப்பது அவர் வேலை. வரிசையை ஒழுங்கு செய்வது என் வேலை. எங்கள் மகள் நிலா பால்மா வந்த தகரப் பேணி ஒன்றை ஏந்திக்கொண்டு பதினேழாவது ஆளாக நிற்கிறாள். ஒன்பது வயது. தொண்டர்களின் பிள்ளை என்று யாரையும் முன்னால் விடக்கூடாது. அது அவள் தகப்பன் வைத்த சட்டம்.

நான்கு. ஐந்து.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

ஆறு. இப்போது கூவல் கேட்கிறது. மெல்லிய கூவல். பிறகு தடித்த கூவல்.

"பிள்ளையைப் பிடியும்! பிள்ளையை!" என்று அவர் கத்துகிறார்.

ஏழு.

எட்டை நான் எண்ணவில்லை.

அன்று மாலைக்குள் நிலாவைத் தேவாலயத்தின் பின்னால், மணலில் புதைத்தோம். பெட்டி இல்லை. என் சேலை ஒன்று. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் மறுபடியும் அண்டாவின் முன் நின்றார். வரிசையும் நின்றது. பசித்தவர்களிடம் துக்கம் சொல்லி விடுப்புக் கேட்க முடியாது. அவரோடு நான் பேசவில்லை. பதினேழாவது இடம் என்ற சொல் எங்கள் இருவர் நடுவே இருந்தது. இருவரும் அதை உச்சரிக்கவில்லை.

ஏழு வாரம் கழித்து நீரேரியைக் கடந்தோம். இடுப்பளவு நீர். அக்கரையில் இராணுவத்தினர் ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை ஒரு பக்கமும் பிரித்தார்கள். சனிக்கிழமை. பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன். பச்சைப் பேருந்து ஒன்று. தமிழில் ஒரு குரல் ஒலிபெருக்கியில் சொன்னது: விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம். அவர் அகப்பையை என்னிடம் நீட்டினார். அதையும் சுமந்துகொண்டுதான் ஏரியைக் கடந்திருந்தார்.

"இதை வைச்சிரும். வாறன்."

அவர் ஏறினார். பேருந்தின் கதவு சாத்திக்கொண்டது. தகரத்தில் தகரம் மோதும் சத்தம். ஒரே ஒரு முறை.

முள்வேலி முகாமில் பல மாதங்கள். பிறகு கடல் கடந்து தமிழ்நாடு. என் அக்காள் பல ஆண்டுகளுக்கு முன்பே அகதியாக வந்து, குறிஞ்சிப்பாடிப் பக்கத்து முகாமில் இருந்தாள். நானும் அங்கே ஓர் அறைக்கு வந்து சேர்ந்தேன். ஊரில் நான் பள்ளிக்கூட நூலகர். முகாமில் அடுக்குவதற்குப் புத்தகம் இல்லை. கைகள் சும்மா இருந்தன. சும்மா இருக்கும் கைகள் எண்ணத் தொடங்கிவிடும். அதனால் கடலூருக்குப் பேருந்து ஏறினேன்.

செம்மண்டலத்துப் பக்கம் ஒரு மிஷன் இருக்கிறது. கன்னியர் மூவர் நடத்துகிறார்கள். தொண்டர்கள் நாங்கள் ஒன்பது பேர். காலையில் மருந்தகம். பிற்பகலில் தையல் வகுப்பு. மூன்று மணிக்குமேல் பிள்ளைகளுக்குப் பாடம். அதை நான் நடத்துகிறேன். செவ்வாயும் வெள்ளியும் கஞ்சி. அது சிதம்பரத்துக்குப் போகும். அங்கே ஒரு பெரிய மருத்துவமனையின் வராந்தாவில், நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் பாய் விரித்துக் காத்திருப்பார்கள். நோயாளி சாப்பிட்டானா என்று எல்லோரும் கேட்பார்கள். காத்திருப்பவரிடம் அதைக் கேட்க ஆள் இல்லை. நாங்கள் கேட்கிறோம்.

மறுபடியும் கஞ்சியா என்று அக்காள் கேட்டாள். வேறு எதுவும் எனக்குத் தெரியாது என்றேன்.

வேன் ஓட்டுபவர் தணிகாசலம். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். இந்து. அவரை எல்லோரும் மாமா என்பார்கள், கன்னியர்களும்தான். அடுப்படியில் எனக்குத் துணை ஸ்டெல்லா. கடலூர் முதுநகர்க்காரி. ஐம்பது வயது. ஓயாத பேச்சு. கோயிலில் பூசைக் கருத்துகளை, அதாவது யார் யாருக்காக வேண்டுவது என்பதை, எழுதி வாசிப்பதும் அவள்தான். ஆம் என்பதற்கு நாங்கள் ஓம் என்போம். அந்த ஒரு சொல்லை அவர்கள் விடவேயில்லை.

"டீச்சர், கஞ்சிக்கு உப்பு பாத்தீங்களா?"

"ஓம்."

"மாமா, கேட்டுக்குங்க. மந்திரம் போட்டாச்சு. அண்டாவ தூக்கலாம்."

"மிஷன்ல ஓம் சொல்ற ஒரே ஆளு நம்ம டீச்சருதான். எங்க வூட்ல நான் சொன்னா, சாமி வந்துடுச்சா உனுக்குன்னு கேக்குறாளுவோ."

சிரித்தேன். அங்கே சிரிக்க முடிந்தது. அதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

அக்டோபர் கடைசி வெள்ளி. காலை எட்டேகால். அண்டாவில் கஞ்சி கொதிக்கிறது. பக்கத்தில் பயறு வேகும் குக்கர். ஸ்டெல்லா நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். நவம்பர் முழுவதும் கோயிலில் இரண்டு பட்டியல்கள் வாசிக்கப்படும். முதலாவது, இறந்தோரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. இரண்டாவது, உயிரோடு இருப்போரின் நலனுக்காக. நிலாவின் பெயரைக் கொடுத்தேன். அவள் எழுதிக்கொண்டாள். எழுதிய கை சற்று நின்றது.

"உங்க வூட்டுக்காரர் பேரு மரியநாயகம்தானே டீச்சர்? அவுரு இருக்காருங்களா?"

நான் சொன்னது இரண்டு சொற்கள். இஞ்ச இல்லை. இங்கே இல்லை என்று பொருள். எங்கே என்று தெரியாதவரைப் பற்றி அத்தனை ஆண்டுகளாக நான் சொல்லிவந்த பதில். முதற்சொல்லைச் சொன்னபோது குக்கர் கூவியது. நீளமான விசில். என் தோள்கள் தாமாகக் குனிந்தன. எப்போதும் அப்படித்தான். விசில் அடங்கியபோது காற்றில் ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது.

இல்லை.

கடலூரில் அதற்கு ஒரே பொருள். என் கழுத்தில் தாலிக்கொடியும் கிடையாது. போரின் கடைசி மாதத்தில் அரிசிக்கு மாற்றியிருந்தோம். ஸ்டெல்லா என் கையை அழுத்தினாள். எழுதினாள். எந்தப் பட்டியலில் என்று நான் பார்க்கவில்லை.

நவம்பர் இரண்டு. திங்கள். கல்லறைத் திருநாள். கல்லறைத் தோட்டம் முழுவதும் செவ்வந்தியும் மெழுகுவர்த்தியும். வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. என் நிலாவின் கல்லறை கடலுக்கு அப்பால் இருக்கிறது. அதனால் பெயர் தெரியாத ஒரு சிறிய கல்லறையின் முன் நின்றேன். ஸ்டெல்லா ஒலிபெருக்கியில் வாசிக்கிறாள். அகர வரிசை. நிலா என்று வாசித்தாள். தலை குனிந்தேன். அதற்காகத்தான் வந்தேன். தொடர்ந்து வாசிக்கிறாள்.

மதலைமேரி. மரியசூசை. மரியநாயகம்.

மாலை ஐந்து இருபது.

"இல்லை!"

கத்தியது நான்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் அந்தப் பட்டியலில் இல்லை. அதைத்தான் சொன்னேன். பக்கத்திலிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி தோளைப் பிடித்தாள். ஒருத்தி தலையைத் தன் மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"ஆமாம்மா. இல்லதான். என்னா பண்றது."

"இல்லை. இல்லை."

"அழுதுடுங்க. நல்லா அழுதுடுங்க."

"பாவம், இத்தினி வருஷமா உள்ளயே வச்சிருந்துட்டாங்க."

சொல்லச் சொல்ல இறுக்கி அணைத்தார்கள். மறுப்பதற்கு என்னிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான். அதையே அவர்கள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள். முன்பின் தெரியாத பெண்களின் அன்பில் மூச்சு முட்டியது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்பட வலுவும் இல்லை. குறிஞ்சிப்பாடிப் பேருந்தில் வலது ஓர இருக்கையில் உட்கார்ந்து முகாமுக்குத் திரும்பினேன். நான் விதவையாகிவிட்டேன் என்பதைக் கடலூர் அறிந்திருந்தது. எனக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

மறுநாள் செவ்வாய். சிதம்பரத்துக்குக் கஞ்சி. வேனில் நாங்கள் மூவர். பி.முட்லூர் தாண்டியது. வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் ஏறியதும் சொன்னேன்.

"ஸ்டெல்லா, அவர் செத்தவர் எண்டு நான் சொல்லேல்ல."

"நீங்கதானே டீச்சர் இல்லன்னீங்க?"

"இஞ்ச இல்லை எண்டு சொன்னனான்."

"இஞ்சயா?"

"இங்கே. இங்கே இல்லை. அவரைப் பஸ்ஸிலை ஏத்திக் கொண்டுபோனவங்கள். விடேல்ல."

மாமா வேனில் ஓடிய பாட்டை நிறுத்தினார். ஸ்டெல்லா மடியிலிருந்த தம்ளர் அடுக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பாலம் முடிந்தது.

"குக்கர் கத்துச்சு டீச்சர்" என்றாள். பிறகு, "ஓம் ஒண்ண மட்டும் கத்துக்கிட்டு உங்க பாஷையே தெரியும்னு திரிஞ்சேன் பாருங்க. ஒரு மனுசன பேனாவாலயே சாவடிச்சிட்டேன்."

அன்று வராந்தாவில் கஞ்சி வார்க்கிறேன். பாயில் இருந்த பெண்ணிடம் அடுத்த பாய்க்காரி கேட்கிறாள், இருக்காரா என்று. இருக்காரு என்று இவள் சொல்கிறாள். உள்ளே ஒரு கட்டில் இருக்கிறது. அதில் ஒரு மனிதர் இருக்கிறார். கதவைத் தள்ளிப் பார்க்கலாம். அந்தப் பெண்ணின் மேல் எனக்குப் பொறாமை வந்தது. அவளுக்கு இன்னொரு அகப்பை கூடுதலாக வார்த்தேன். வேறு என்ன செய்ய.

மாலையில் ஸ்டெல்லா என்னைப் பங்குத் தந்தையிடம் அழைத்துப் போனாள். முப்பதைத் தாண்டாத இளைஞர். முழுவதும் கேட்டார். எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். பிறகு நோட்டைப் புரட்டினார்.

"அடிச்சிடலாம்மா. நலனுக்காகங்கற பட்டியல்ல எழுதிடட்டுமா?"

ஓம் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தான் முந்தைய நாள் கத்தினேன். நோட்டைப் பார்த்தேன். முதற் பட்டியலில் அவர் பெயர் இருந்தால் அவரை நான் கைவிட்டதாகும். இரண்டாவதில் இருந்தால், உயிரோடு இருக்கிறார் என்று தினமும் உரக்க வாசிப்பார்கள். அதைத் தினமும் நம்பியாக வேண்டும். நம்புவது பாரமான வேலை. நான் களைத்திருந்தேன். நோட்டு திறந்து கிடந்தது. பேனா மூடி திறந்திருந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்த மாமா தொண்டையைச் செருமினார்.

"நான் சொல்லலாமான்னு தெரியில சாமி. ரெண்டு கொல்லைக்கு நடுவுல வரப்பு வுடுறோமில்ல? அது அந்தக் கொல்லையிலயும் சேராது, இந்தக் கொல்லையிலயும் சேராது. அப்டி ஒரு பக்கம் நடுவுல வுட்டுடுங்களேன்."

தந்தை என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

ஸ்டெல்லா பட்டியல்களைப் புதிதாக எழுதினாள். இறந்தோர். பிறகு ஒரு பக்கம். தலைப்பு இல்லை. நடுவில் ஒரே ஒரு பெயர். பிறகு உயிரோடு இருப்போர். மறுநாள் காலைப் பூசையில் முதற் பட்டியல் முடிந்தது. சபை இளைப்பாற்றிச் செபம் சொன்னது. அவள் தாளைப் புரட்டினாள். தாள் புரளும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. மரியநாயகம் என்றாள். நிறுத்தினாள். அந்தப் பக்கத்துக்கு உரிய செபம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மின்விசிறி சுற்றியது. நான் ஏழுவரை எண்ணினேன். பிறகு அவள் அடுத்த தாளைப் புரட்டினாள்.

இரண்டு வாரம் கழித்து முகாமில் ஒரு பெண் என் அறை வாசலில் வந்து நின்றாள். மன்னாரிலிருந்து வந்தவள்.

"அக்கா, என்ரை தம்பியையும் அந்தப் பக்கத்திலை எழுதுவினமோ?"

எழுதினார்கள். அடுத்த நவம்பரில் அந்தப் பக்கத்தில் ஆறு பெயர்கள். அதற்கடுத்த ஆண்டு, கடலுக்குப் போய்த் திரும்பாத ஒரு முதுநகர் மீனவரின் பெயரை அவர் மனைவி கொண்டுவந்து கொடுத்தார். இப்போது தாளின் இரு பக்கமும் நிறைந்துவிட்டது. ஸ்டெல்லா இன்னொரு தாள் ஒட்டியிருக்கிறாள். நான் செவ்வாயும் வெள்ளியும் கஞ்சி வார்க்கிறேன். பயறுக்கு இப்போது குக்கர் வைப்பதில்லை. ஸ்டெல்லா அதைப் பானையில் வேகவைக்கிறாள். நேரம் பிடிக்கிறது.

நான் இழந்தவற்றை எண்ணி எழுதுகிறேன். இதைப் படிப்பவர் ஒருவராவது கணக்கைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும்.

தென்னோலைக் கிடுகு வேய்ந்த வீடு, ஒன்று. நூலகத்திலிருந்து காப்பாற்றிப் பீப்பாயில் போட்டுப் புதைத்த புத்தகங்கள், எழுபத்திரண்டு. பீப்பாய் இருந்த இடத்தில் பிறகு பள்ளம்தான் இருந்தது. தாலிக்கொடி, ஒன்று. அகப்பை, ஒன்று, முள்வேலி முகாமின் சோதனையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வைச்சிரும் என்று அவர் சொன்னதை என்னால் செய்ய முடியவில்லை.

அந்தப் புதன்கிழமை வரிசையில் இறந்தவர்கள், பதினொருவர். ஒன்பது பேரின் பெயர் எனக்குத் தெரியும். இருவர் அன்றுதான் முதன்முறையாகக் கஞ்சிக்கு வந்தவர்கள். ஒன்பது பெயர்களில் ஒன்று நிலா. பதினேழாவது இடம்.

அந்த இடத்துக்காக அவரிடம் நான் ஏழு வாரம் பேசவில்லை. சட்டம் சரியானது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்வதற்கு அவர் இங்கே இல்லை.

காணாமற்போனவர், ஒருவர். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன் ஒரு கதவு சாத்திய சத்தம் கேட்டது. அது புறப்பட்ட சத்தம். விழுந்த சத்தம் இன்னும் கேட்கவில்லை. பத்தை எப்போதோ தாண்டிவிட்டேன்.

எண்ணிக்கொண்டிருக்கிறேன்.