தாச்சியில் காய்ச்சிய முதல் சோறு

மாலை ஐந்தேகால். மார்கழி மாதம். கனடாவில், பிக்கரிங்குக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவே போகிற ஒற்றைத் தெரு... அந்த நேரத்துக்கே கும்மிருட்டு. விளக்குக் கம்பம் இல்லை. வீடு இல்லை. ஒரு வான் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள். மெழுகுதிரியை நடுவில் வையுங்கள். கரண்ட் வர விடிந்துவிடும் என்கிறார்கள். இது நம்முடைய றெஜினாவின் ஒன்றுவிட்ட தமையன் வீட்டில் நடந்தது. கேட்டுவிட்டுப் பிறகு யாரும் பயமென்று சொல்லக்கூடாது.

வானை ஓட்டியவர்தான் அந்தத் தமையன், அகஸ்ரின். பக்கத்தில் மனைவி கிளடிஸ். மடியில் ஓர் இரும்புத் தாச்சி. புருசனுக்கும் பெண்சாதிக்கும் ஒரே வேலை: செத்தவர்களின் வீட்டைக் காலி செய்து, கூட்டிக் கழுவிக் கொடுப்பது. அன்றைக்குக் காலி செய்தது ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் வீடு. மனிதர் சாகும்வரை ஜப்பான்காரரின் பழைய போர்ச் சாமான்களைச் சேர்த்தவர். கொம்பு வைத்த தலைக்கவசம், பட்டுக்கயிறு கோத்த மார்புக்கவசம், வாள்... அதெல்லாம் சாமுராய்ப் பிரபுக்களுடையது. ஏலக் கம்பனி ராகவன், சென்னைக்காரர், அவற்றைத் துணியில் சுற்றிப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். குப்பைக்கென்று மிஞ்சிக் கிடந்தது இந்த இரும்பு ஒன்றுதான்.

"தம்பி, உது வேண்டாமோ?"

"அது சும்மா காலாள் சிப்பாயோட தொப்பி மேடம். அந்தக் காலத்துல ஆயிரக்கணக்குல அடிச்சுக் குடுத்தது. யாரும் வாங்க மாட்டாங்க. வேணும்னா எடுத்துக்குங்க."

தொப்பியாம். கிளடிஸ் அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். குழிந்த வயிறு, கனத்த இரும்பு, அகன்ற விளிம்பு... அசல் சமையல் தாச்சி. இதைத் தலையில் வைத்தவனுக்கு விசர் என்று நினைத்தாள்.

அப்படித்தான் வானில் வந்துகொண்டிருந்தார்கள்.

"இஞ்சேருங்கோ... மெதுவா. உங்கை ஒருத்தன் நடக்கிறான்."

"எங்கை?"

"உங்கை, கரையிலை. பாவம், இந்தக் குளிருக்குத் தலையிலை ஒண்டுமில்லை."

அகஸ்ரின் நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினார். ஸ்நோ மட்டும் விழுந்துகொண்டிருந்தது... ஒருவரும் இல்லை. ஆனால் ஒரு மணம் உள்ளே வந்தது. ஈர வைக்கோல். துருப்பிடித்த இரும்பு. மிளகு. கிளடிஸின் காதுக்குப் பக்கத்தில் ஒரு சத்தம்.

நறுக்.

"என்ன கடிக்கிறியள்?"

"நானோ? நீதான் கடிச்சாய் எண்டு நினைச்சன்."

பிறகு வீடு வரும்வரைக்கும் இரண்டு பேரும் கதைக்கவில்லை. கிளடிஸ் கதைக்காமல் வந்ததே பெரிய அதிசயம். கை தங்கம் அவளுக்கு. வாய்தான் வேலிக் கதியால் வெட்டுகிற கத்தி. மன்னாரில் பிறந்தவள். சோதனைச்சாவடியில் ஆமிக்காரனுக்கு முன்னால் தலை குனிந்து, வாய் பொத்தி வளர்ந்தவள். அங்கே பொத்திய வாயை ரொறன்ரோவில் வந்து திறந்தாள், பிறகு மூடவேயில்லை. பிந்தி வருகிற பஸ், ஸ்நோவைத் தள்ளி வாசலில் குவிக்கிற மெசின்காரன், பேஸ்மென்றில் இருக்கிற மச்சாள்... ஒருவரையும் விடமாட்டாள். யாரைத் திட்டினாலும் கடைசியில் ஒரே வசனம்தான்: "தலை அறுந்து என்ரை காலடியிலை விழ!"

அந்த மச்சாள்தான் ஜெனாட், அகஸ்ரினின் தங்கச்சி. தனி ஆள். நகரத்துக்குள் ஒரு ஒபிசில் வேலை. இரண்டு பெண்களும் ஒரு கூரையின் கீழே ஒன்பது வருசம், இரண்டு உலை.

வீட்டுக்கு வந்ததும் கிளடிஸ் வேலையில் இறங்கினாள். தொப்பிக்குள் இருந்த மெத்தைத் துணியையும் நாடாவையும் வெட்டி எறிந்தாள். முன்பக்கம் சிவப்பு அரக்கில் ஒரு வட்டம், குறுக்கே ஒரு கோடு. இலேசில் போகவில்லை அது. கம்பிப்பஞ்சு போட்டுத் தேய்த்தாள். பிறகு அடுப்பில் காயவிட்டு, தேங்காயெண்ணெய் பூசிப் பூசிச் சுட்டாள். அரக்கு உரிந்து புகைந்தது. தலைமயிர் எரிகிற மணம்.

ஜெனாட் படியேறி வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன மச்சாள், ஆரையும் எரிக்கிறியளோ?"

"உன்னை இல்லை. உனக்கு இன்னும் நாள் இருக்கு."

"செத்தவன்ரை வீட்டிலை பொறுக்கின சட்டியோ? உதிலை காய்ச்சின சோறு எனக்கு வேண்டாம்."

"உனக்கு ஆர் தந்தது?"

புது இரும்பைப் பழக்கினால், அதில் காய்ச்சுகிற முதல் சோற்றை வீட்டு ஆட்கள் தின்பதில்லை; வெளியில் கொட்டிவிட வேண்டும். அது உங்களுக்கும் தெரியும். கிளடிஸ் ஒரு சுண்டு சிவப்பரிசி போட்டு அவித்து, பின்கதவைத் திறந்து படியில் கொட்டினாள். ஆவி பறந்தது. கதவைச் சாத்தி ஐந்து நிமிசமில்லை... குப்பைத்தொட்டி உருட்டுகிற அந்தப் பெரிய ரக்கூன் வந்து சோற்றை மணந்தது. கிளடிஸ் யன்னலைத் தட்டினாள்.

"போ, சனியனே! உன்ரை தலை அறுந்து என்ரை காலடியிலை விழ!"

ரக்கூன் நிமிர்ந்து பார்த்தது. அவளையல்ல. தனக்குப் பின்னால்.

நறுக்.

காலையில் சோறு ஒரு பருக்கை இல்லாமல் போயிருந்தது. படியில் ஒரு சின்னச் சதுரப் பலகை. பலகையில் ரக்கூனின் தலை. ஒரு சொட்டு இரத்தமில்லை. கழுவித் துடைத்து, மயிரை ஒரு பக்கமாக வாரிவிட்டிருந்தது. பூசைநேரத்துச் சாம்பிராணி மணம். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பல்லெல்லாம் கறுப்பு, மை பூசினமாதிரி. காதில் நூலால் ஒரு மரச்சீட்டுக் கட்டியிருந்தது, அதில் என்னவோ எழுத்து.

கிளடிஸ் கத்தவில்லை. அவள் இதைவிட மோசமானதெல்லாம் பார்த்தவள். போனில் படமெடுத்து, எழுத்து ஜப்பான் எழுத்துப்போல் இருக்கவே ராகவனுக்கு அனுப்பினாள். பிறகு பலகையோடு தூக்கித் தோட்டத்து மூலையில் புதைத்தாள். மண் இறுகிக் கிடந்தது. அலவாங்கு போட வேண்டியிருந்தது.

ராகவன் பதில் போடவில்லை. மத்தியானம் போன் அடித்தது. கோயிலில் கூடப் பாடுகிற றீற்றா.

"கிளடிஸ், கோவிக்காதையும். நீர் செத்த வீடுகளிலை சாமான் களவெடுக்கிறீர் எண்டு ஜெனாட் சொல்லித் திரியிறா. பாதருக்கும் சொல்லிப்போட்டா."

கிளடிஸ் போனை வைத்தாள். வேலையில் இருந்த ஜெனாட்டுக்கு அடித்தாள்.

"களவெடுத்தனானோடி நான்? உன்ரை தமையனுக்கும் சேர்த்துத்தானே சொல்லுறாய்!"

"கேட்டு எடுத்தனீங்களோ? செத்தவனிட்டையோ கேட்டனீங்கள்?"

"நாசமாப் போறவளே! உன்ரை தலை அறுந்து என்ரை காலடியிலை விழ!"

சொல்லி வைத்துவிட்டாள். சொன்ன பிறகு உடம்பு இலேசாக இருந்தது. எப்போதும் அப்படித்தான். அடுக்களை யன்னலுக்கு வெளியே யாரோ வைக்கோல் செருப்போடு நடந்து போகிற சத்தம்... சரக்... சரக்... முன்பக்கமாக, தெருவைப் பார்த்து. பக்கத்து வீட்டுக்காரர் ஸ்நோ தள்ளுகிறார் என்று நினைத்தாள்.

ஐந்து மணி பத்துக்கு ராகவன் போன் எடுத்தார்.

"மேடம், இத யார் செஞ்சாங்க?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

"சண்டை முடிஞ்சதும் வெட்டின தலையக் கழுவி, முடி வாரி, பல்லுக்கு மை பூசி, வாசனை காட்டி, சீட்டு கட்டித் தலைவன் முன்னாடி பலகையில வைப்பாங்க. தலைவன் பாத்து ஒத்துக்கணும். அங்க அப்படி ஒரு வழக்கம் இருந்துச்சு. சீட்ட எங்க ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட காட்டினேன். 'எஜமானி வாக்குப்படி'ன்னு எழுதியிருக்காம்."

"ஆர் எஜமானி?"

"அந்தத் தொப்பிய என்ன பண்ணீங்க?"

"தாச்சியாப் பழக்கினனான்."

"சோறு பொங்கினா பரவால்ல. அவங்களே அதுலதான் பொங்கித் தின்னாங்க. முன்னாடி சிவப்பா ஒரு சின்னம் இருக்குமே?"

"தேச்சுச் சுட்டுப்போட்டன்."

அந்தப் பக்கம் கதிரை இழுபடுகிற சத்தம்.

"தம்பி?"

"மேடம்... சிப்பாய்க்குச் சொந்தமா ஒண்ணும் கிடையாது. தொப்பி, கவசம், ஈட்டி எல்லாம் பிரபு குடுத்த இரவல். அவன் யாரோட ஆள்னு அந்தச் சின்னம்தான் சொல்லும். அத அழிச்சா..."

"அழிச்சா?"

"யார் சோறு போடறாங்களோ அவங்க ஆள்." ராகவன் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "நேத்து அந்தப் பிராணிய வாய்விட்டு ஏதாவது சொன்னீங்களா? வேற யாரையாவது...?"

போன் கையிலிருந்து விழுந்தது. ஜெனாட்டின் ட்ரெயின் வந்திருக்கும். பஸ் பிடித்திருப்பாள். ஐந்தேகாலுக்கு இறங்கி, வீடில்லாத அந்தத் துண்டுத் தெருவால் நடந்து வருவாள்.

கிளடிஸ் ஓடினாள். கோட் இல்லை. காலில் வீட்டுச் செருப்பு. ஐம்பத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் வருத்தம்... ஓடினாள். ஜெனாட்டைக் கூப்பிட வாயெடுத்தவள் கையால் பொத்திக்கொண்டாள். வாயில் என்ன வருமோ என்று அவளுக்கே பயம்.

தூரத்தில் ஒரு சின்ன வெளிச்சம், ஜெனாட்டின் போன். அதைப் பார்த்தபடி குனிந்து வருகிறாள். அவளுக்குப் பின்னால் பத்தடியில் ஒருத்தன். கட்டை ஆள். முழங்காலுக்குக் கீழே வெறுங்கால், சிவப்பாக... குளிருக்கு மிளகாய் அரைத்துப் பூசினமாதிரிச் சிவப்பு. தலை வெறுமை. உச்சியில் ஒரு சின்னக் குடுமி. கையில் குட்டை வாள். கன்னம் ஒட்டிப்போய், எத்தனை வருசத்துப் பசியோ. ஒரு மிளகை எடுத்து வாயில் போட்டான்.

நறுக்.

"ஜெனாட்! இஞ்சாலை ஓடி வா!"

ஜெனாட் நிமிர்ந்தாள். நின்றாள். "என்ன மச்சாள், போனிலை காணாதெண்டு றோட்டுக்கும் வந்திட்டியளோ சண்டைக்கு?"

அவன் வாளை உயர்த்திவிட்டான்.

கிளடிஸ் பாய்ந்து ஜெனாட்டைத் தன் பின்னால் இழுத்தாள். இப்போது அவனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. "வேண்டாம்! நான் சொல்லேல்லை! சொன்னது கணக்கில்லை!"

அவன் முழந்தாளிட்டான். ஸ்நோவில் நெற்றி பட. சீவியம் முழுக்க ஆமிக்குக் குனிந்தவளுக்கு முன்னால் ஓர் ஆமிக்காரன் குனிந்துகொண்டு கிடந்தான். எழும்பவில்லை. வாளை உறையில் போடவுமில்லை. காத்திருந்தான். கிளடிஸுக்கு விளங்கியது: சொன்னதைத் திருப்பி எடுக்கிற வழக்கம் அவனுடைய ஊரில் இல்லை.

"எழும்பு," என்றாள் மெதுவாக. "வா. சோறு தாறன்."

அவன் எழும்பினான்.

"ஆரோடை கதைக்கிறியள்?" என்றாள் ஜெனாட். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தோளில் மட்டும் கோட் பின்பக்கமாக ஒரு முழம் கிழிந்திருந்தது, பிளேட்டால் கீறினமாதிரி. பஸ் கதவில் மாட்டியிருக்கும் என்று இன்றைக்கும் சொல்கிறாள்.

அன்றைக்கு மூடினதுதான் கிளடிஸின் வாய். இது ஏழாவது வருசம். டொக்டர்மாருக்கு ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு நாளும் பொழுதுபட ஒரு சுண்டு அரிசி தாச்சியில் அவித்து, பின்படியில் வைப்பாள். அந்தச் சனியனைத் தூக்கி எறி என்று அகஸ்ரின் கெஞ்சியிருக்கிறார். ஒருநாள் காகிதத்தில் எழுதிக் காட்டினாளாம்: 'நான் விட்டால் அவன் கீழ்க்கதவுக்குப் போவான். உங்கள் தங்கச்சி சோறு போடுவாள். அவளின்ரை வாயும் என்ரை வாய்தான்.'

ஜெனாட் இன்னும் கீழேதான் இருக்கிறாள். "மச்சாளுக்கு ஆண்டவர் குடுத்த தண்டனை" என்று கோயிலில் சொல்லித் திரிகிறாள். கிளடிஸ் காதில் விழுந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு அரிசி கழுவுவாள். திட்டுவதென்றால் மனதுக்குள். ஏழு வருசத்துத் திட்டு, உள்ளேயே.

போன ஞாயிற்றுக்கிழமை அகஸ்ரின் றெஜினா வீட்டுக்கு வந்திருக்கிறார். தேத்தண்ணியைத் தொடவில்லை. முகம் செத்துப்போயிருந்தது.

"என்னண்ணை? மச்சாளுக்குக் கடுமையோ?"

"இல்லை... அவள் கதைக்கத் தொடங்கிட்டாள்."

"கடவுளே, நல்லதுதானே!"

"நித்திரையிலை, றெஜினா. நித்திரையிலைதான் கதைக்கிறாள். ஆக்களின்ரை பேர். ஒண்டொண்டா. ஒவ்வொரு பேருக்கும் பிறகு அந்தப் பழைய வசனம்."

"ஆற்ரை பேர்?"

அகஸ்ரின் எழும்பி அடுக்களைக்குப் போனார். பின்கதவு யன்னலால் படியைக் குனிந்து பார்த்தார். பிறகு பூட்டை இரண்டுதரம் இழுத்துப் பார்த்துவிட்டு, அவளைத் திரும்பிப் பாராமலே கேட்டார்:

"இது நல்லாப் பூட்டுப்படுமோ, பிள்ளை?"