இட்டிலிக் குண்டாவில் வெந்த கச்சாயம்

சித்தூர் பஸ் வருமோ வராதோ என்ற கவலையில் நின்றிருந்தேன். முன்னால் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

“தீவாளிக்குக் கச்சாயத்த இட்டிலிக் குண்டாவுல வேக வெச்சேனுங்கக்கா.”

மூத்தவள் சிரித்துவிட்டாள். “ஏம்புள்ள, எண்ணெயில சுடாம அதென்ன கச்சாயம்? இட்டிலிக்கு வெல்லம் போட்டாப்பல இருக்கும்.”

“நெஞ்சுவலி வந்ததுலருந்து எங்கூட்டுக்காரருக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்களே.”

“தின்னாரா?”

“நல்லாருக்குதுன்னு தின்னாருங்க. அப்பறம் பக்கத்தூட்ல கச்சாயம் சுடற வாசம் வந்துச்சு. வேலியோரம் போயி நின்னுட்டாரு.”

“திட்டிக் கூட்டியாந்தயா?”

“திட்டத்தானுங்கக்கா போனேன்.” அவள் பஸ் வரும் திசையைப் பார்த்தாள். “போயி, நானும் பக்கத்துல நின்னுட்டேன்.”