கூட்டாளி அல்ல, துரத்தி ஓடியவள்

என் பெயர் செல்லியம்மாள், வயது 23, த/பெ முனிரத்தினம், மாடம்பாக்கம் சிவன் கோயிலுக்குப் பின்தெருவில் குடியிருக்கிறேன். பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் மூன்று வருடமாக மாநிலத்தில் நான்தான் முதல். அதில் முதல் வருடம் வெறுங்காலோடு ஓடினேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, ஏட்டையா தொழில் என்ன என்று கேட்டதால் சொல்கிறேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்குத் தேர்வாகி, போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி இருக்கிறது. என் பேரில் திருட்டு வழக்கு விழுந்தால் அந்த வேலை போய்விடும்.

இன்று 20.06.1991 காலை நான் வழக்கம்போல் ஏரிக்கரை ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது, கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த டீச்சர் பாலாம்பாள் அவர்களின் சங்கிலியை ஓர் ஆள் அறுத்துக்கொண்டு ஓடினான். அவன் பெயர் சிட்டிபாபு என்று ஸ்டேஷனில்தான் தெரிந்தது. டீச்சர் மண்ணில் விழுந்து கிடந்ததைப் பார்த்தேன். உடனே துரத்தினேன். அவன் முதலில் என்னைவிட வேகமாகத்தான் ஓடினான். ஆனால் நெடுந்தூரம் தாங்கமாட்டான் என்று அவன் கால் வைக்கும் விதத்திலேயே தெரிந்ததால் நான் அவசரப்படவில்லை.

அதன் பிறகு பெருங்களத்தூர் போகும் வழியில் அவன் வேகம் குறைந்து, நான் பக்கத்தில் வந்துவிட்டேன். அவன் கையில் கத்தி இருந்ததால் தொடாமல், தானாகச் சோர்ந்து விழட்டும் என்று கூடவே ஓடினேன். அப்போது அவனிடம், "தோள எறக்கு, கைய லூசா வுடு, இல்லாங்காட்டி வயித்த புடிச்சிக்கும்" என்று சொன்னது உண்மை. கூட ஓடுகிறவர்களுக்கு யோசனை சொல்வது என் வழக்கம். எதிராளி நன்றாக ஓடினால்தான் எனக்கும் ஓட்டம் சூடு பிடிக்கும். அவன் திருடன் என்பது அந்த நேரம் மறந்துவிட்டது. அவனும் தோளை இறக்கி, இன்னும் கொஞ்ச தூரம் ஒழுங்காகவே ஓடினான்.

அதன் பிறகு ரயில்வே கேட் அருகே கத்தியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். "யக்கா, இந்தா நீயே வச்சிக்கோ, என்னால முடில" என்று சங்கிலியை என் கையில் கொடுத்தான். அதைப் பார்த்த டீக்கடை துரைராஜ், கேட்டில் நின்ற போலீஸ்காரரிடம், "ரெண்டு பேரும் பேசிக்கினே ஒண்ணாத்தான் வந்தாங்க சார்" என்று சொல்லி எங்கள் இருவரையும் பிடித்துக் கொடுத்தார். அவர் பார்த்தது சரி, நினைத்தது தப்பு.

அதன் பிறகு ஸ்டேஷனில் எஸ்.ஐ. அய்யா, ஒரு பொம்பளை ஓர் ஆம்பளையை அவ்வளவு தூரம் துரத்தியதாக நம்ப முடியவில்லை என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவனை இப்போதே வாசலில் விடுங்கள், தாம்பரம் பக்கம் ஓடட்டும், நான் டீ குடித்துவிட்டுக் கிளம்பி இழுத்து வருகிறேன் என்று சொன்னேன். அதைக் கேட்டு சிட்டிபாபு லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "சார், நான் மட்டுந்தான் சார் அறுத்தேன். கேஸ எம்மேலயே போட்டுக்கோங்க. அந்தக்கா கூட மறுபடி ஓட வுடாதீங்க" என்றான். எஸ்.ஐ. அய்யா சொன்னதன் பேரில் ஏட்டையா அதையும் எழுதிக்கொண்டார்.

மேலே எழுதியதை ஏட்டையா படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. சாயங்காலம் ஓட்டப் பயிற்சி இருப்பதால் சீக்கிரம் அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) மு. செல்லியம்மாள்