சென்னிமலையின் முறைக்கு நாலு சுற்று டேப்

பெல்ட்டில் ஓடும் ரெக்கார்டு பெட்டி வேகம் குறைந்தால் பலரும் மோட்டாரைத்தான் திட்டுவார்கள். பாவம், மோட்டார் என்ன செய்யும்? பெல்ட் தளர்ந்திருக்கும், இல்லாவிட்டால் புல்லியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். ஸ்பிரிட்டில் துடைத்து, தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டு வைத்து, நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்று வருகிறதா என்று எண்ணினால் தெரிந்துவிடும். திருச்செங்கோடு வட்டாரத்தில் பத்து வருஷமாக மைக் செட் போடுகிறவன் இந்த வேலுமணி. எனக்குத் தெரியாமல் நடந்த பிழை என்று பஞ்சாயத்தார் யாரும் நினைத்துவிடக் கூடாது.

எனக்கும் என் சித்தப்பா மகன் சென்னிமலைக்கும் பொதுக் கிணறு. கரண்ட் இருக்கும் நேரத்தில் மாறி மாறிப் பாய்ச்ச வேண்டும். என் கைக்கடிகாரம் ஒன்று சொல்லும், அவனுடையது வேறொன்று சொல்லும். ஆளுக்கொரு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்போம். எழுபத்தெட்டில் நீங்கள்தான் தீர்த்துவைத்தீர்கள். மோட்டார் ரூமில் என் பெட்டி, வெளியே வேம்பில் குழாய் ஸ்பீக்கர். பக்திப் பாட்டுத் தட்டின் முதல் பக்கம் முடியும்வரை எனக்குத் தண்ணீர், மறுபக்கம் முடியும்வரை அவனுக்கு. சாமி பாட்டில் எவன் ஏமாற்றுவான் என்றீர்கள். நியாயமான பேச்சு.

ஒரு சித்திரையில் பெல்ட் தானாகத்தான் தளர்ந்தது. இருபத்திரண்டு நிமிஷப் பக்கம் என் முறையில் இருபத்தெட்டு ஓடியது. என் மரவள்ளிக்குக் கடைசி வரப்புவரை தண்ணீர் போயிற்று. பழுதை அப்படியே விட முடியுமா? தட்டைத் திருப்பியதும் புது பெல்ட் மாட்டி, புல்லியில் இன்சுலேஷன் டேப் நாலு சுற்று சுற்றினேன். புல்லி பருத்தால் தட்டு விரையும். மடையில் நின்ற சென்னிமலைக்குப் பதினாறு நிமிஷத்தில் பாட்டு முடிந்தது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள், அதே இருபத்திரண்டு. என் முறைக்குப் பழைய பெல்ட், அவன் முறைக்குப் புது பெல்ட்டும் டேப்பும் என்று நாலு வருஷம் பெட்டியை அப்படித்தான் பராமரித்தேன்.

பாட்டு கெடவில்லையா என்கிறீர்கள். இரண்டு பக்கமும் பாடியது ஒரே அம்மாள். என் பக்கத்தில் ஆண்பிள்ளையாகக் கனத்துப் பாடினார், அவன் பக்கத்தில் குருவியாகக் கீச்சிட்டார். புருஷனும் பெண்டாட்டியும் பாடிய தட்டு என்று ஊரே நம்பியது. நீங்களும்தான்.

சென்னிமலையின் மனைவி மாரக்காள் மட்டும் ஒருநாள், “ஏனுங் மாமா, எங்க முறைக்குப் பாடற அம்மாவுக்கு அப்பிடி என்னங்க அவசரம்?” என்று கேட்டாள்.

“ஊட்டுல அடுப்புல சோத்த வெச்சுட்டு வந்திருக்கும், சாமி” என்றேன். அவள் மனம் நோகாமல்தான் சொன்னேன்.

அவன் வெங்காயம் காய்ந்தது. மண்ணில் தோஷம் என்று கிடாய் வெட்டினான். என்னையும் அழைத்தான், போனேன். ஈரல் பதமாக வெந்திருந்தது. அடுத்த வருஷமும் வெங்காயம் காய்ந்ததால், வெங்காயக் காட்டை என்னிடம் விட்டுவிட்டு போர்வெல் போடும் ரிக் லாரியில் வடக்கே வேலைக்குப் போவதாக முடிவு செய்து, சொல்லிக்கொள்ள மோட்டார் ரூமுக்கு வந்தான். மாரக்காளும் கூட வந்தாள்.

“போறதுக்கு முன்னால அந்த ஆம்பளை பாட்டை ஒருக்காப் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கறனுங்ணா. மடையில நின்னு கேட்டே பழகிப்போச்சுங்க” என்றான்.

கூடப் பிறக்காத தம்பி அவன். முதல் பக்கத்தைத்தான் போட்டேன். ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவன் சென்னிமலை. அவனைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருக்கையிலேயே, நாலு வருஷப் பழக்கத்தில் என் கை புது பெல்ட்டை மாட்டி, நாலு சுற்று டேப்பையும் சுற்றிவிட்டிருந்தது. ஆண்பிள்ளை கீச்சென்று ஆரம்பித்தார். மாரக்காள் தட்டின் உறையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரே அம்மாள் படம். பிறகு புல்லியைப் பார்த்தாள்.

“மாமா, அந்தக் கிடாக்கறி உங்களுக்குச் செரிச்சுதுங்களா?” என்றாள்.

செரித்தது என்று உண்மையைச் சொன்னேன். சென்னிமலை வடக்கே போகவில்லை, நேராக உங்களிடம் வந்தான்.

ஆமாம், நான்தான் செய்தேன். அவன் தண்ணீரில் ஒரு சொட்டைக்கூட நான் தொட்டதில்லை, பெட்டியைத்தான் தொட்டேன். இனிமேல் கோயில் சுவர்க் கடிகாரத்தை வைத்து முறை பிரிப்பதாகத் தீர்மானித்திருக்கிறீர்கள், சந்தோஷம். அது கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது என்று பூசாரி சொன்னார். கொடுத்தனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். ஊருக்கு உதவாமல் நான் எதற்கு இருக்கிறேன்?