மிச்சப் பேர்

— அப்ப நான் காருக்குள்ளயே இருந்திருப்பன். நீர்தான் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தனீர்.

— காருக்குள்ள இருக்கிறதுக்கோ கொலோன் முழுக்கச் சுத்திப் பார்க்கிங் தேடினனீங்கள்? இருங்கோ. இந்த ஷாலைக் கழுத்தில சுத்துங்கோ, சரியான குளிர்.

— உந்தச் சிவப்பு ஷாலோ? என்னைப் பாத்தாக் கத்துறதுக்கு வந்தவன் மாதிரியே கிடக்கு?

— அப்பா, இஞ்ச வந்த எல்லாரும் கத்துறதுக்குத்தான் வந்தவை. இது ஐஸ் ஹொக்கி ஃபைனல். ஜேர்மனி முழுக்க இருக்கிற யூனிவர்சிற்றியளில கடைசியா மிஞ்சின ரெண்டு டீம். சிவப்பு நாங்கள். நீலம் மியூனிக்.

— எனக்கு நிறம் தெரியும், பிள்ளை. இவ்வளவு காலம் பஸ் ஓடினவனுக்குச் சிவப்பு எதெண்டு படிப்பிக்கிறாய்.

— உங்களாலதான் பிந்தினது. துவங்கேக்க ஒவ்வொரு ஆளாப் பேர் சொல்லித்தான் ஐசுக்குள்ள விடுவினம். தம்பியின்ர பேரை நீங்கள் கேட்டிருக்கவேணும். போச்சு.

— பேரோ? அவனுக்கு என்ன பேர்? இருக்கிற பேரை வாற வெள்ளிக்கிழமை கழட்டி எறியப் போறானே.

— இஞ்சாருங்கோ, துவங்காதேங்கோ. இண்டைக்கு அவன்ர கடைசி மாட்ச். படிப்பும் முடிஞ்சுது, இனி யூனிக்கு விளையாட ஏலாது. இண்டைக்கு மட்டும் பேசாம இருங்கோ.

— நான் பேசாமத்தான் வந்து இருக்கிறன். ஆனா ஒண்டு சொல்லிப்போட்டன், மறந்திடாதையும். இஞ்ச வந்ததால நான் வெள்ளிக்கிழமை பதிவுக்கும் வருவன் எண்டு ஒருத்தரும் கனாக் காணவேண்டாம்.

— சிவசிவா. மகன்ர கலியாண எழுத்துக்குத் தகப்பன் வராட்டி அந்தப் பிள்ளையின்ர தாய் என்ன நினைப்பா?

— என்னவும் நினைக்கட்டும். ஊருலகத்தில பொம்பிளை மாப்பிளையின்ர பேரை எடுப்பா. இஞ்ச என்ர மகன் பொம்பிளையின்ர பேரை எடுக்கிறானாம். ஆம்பிளைப் பிள்ளை!

— அப்பா, என்ன பேர் எண்டு சொல்லுங்கோ பாப்பம்.

— என்னது?

— லேனான்ர குடும்பப் பேர். தம்பி எடுக்கப்போற பேர். நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. சும்மா ஒருக்காச் சொல்லுங்கோ.

— அது என்ர வாயில வராது. விடு. எங்க அவன்? எல்லாரும் ஒரே மாதிரிப் பானையைக் கவிழ்த்துக்கொண்டு நிக்கிறாங்கள்.

— பதினேழாம் நம்பரைப் பாருங்கோ. உந்தா, வேலியால பாய்ஞ்சு உள்ள வாறான். கூட நேரம் நிக்கமாட்டான், மாறி மாறித்தான் விடுவினம்.

— உமக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?

— தெரியும்.

— அட, ஏன் உவனை இப்பக் கண்ணாடிக் கூட்டுக்குள்ள அடைக்கிறாங்கள்? என்ன செய்தவன்?

— மற்றப் பெடியன்ர காலைத் தடியால தட்டிப்போட்டான். ரெண்டு நிமிசம் தண்டனை. அதுமட்டும் நாங்கள் ஒரு ஆள் குறைவா விளையாடவேணும். பயப்பிடாதேங்கோ, பேந்து விடுவினம்.

— நான் பயப்பிடேல்லை. நீர் என்ன, நடுவர் மாதிரிக் கதைக்கிறீர்? எத்தினை தரம் இஞ்ச வந்திருப்பீர்?

— சனிக்கிழமை சனிக்கிழமை கோயிலுக்குப் போறன் எண்டு வெளிக்கிட்டனான் எல்லோ.

— ஓம்.

— எல்லாச் சனிக்கிழமையும் கோயில் இல்லை.

— சிரிக்காதை, பிள்ளை. கொம்மா என்ன சொல்லுறா எண்டு விளங்குதே உனக்கு? சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கிறா எண்டு நான் நினைச்சுக்கொண்டிருக்க, இவ இஞ்ச வந்திருந்து...

— ஐயோ! மியூனிக் அடிச்சிட்டான். ஒண்டுக்குச் சைபர்.

— உது என்ன, பந்தைக் கண்ணாலயே காணேல்லை.

— அது பந்தில்லை அப்பா, பக். கறுப்பாச் சப்பையா இருக்கும். அதைப் பாக்காதேங்கோ, ஆக்களைப் பாருங்கோ. அதின்ர பின்னாலதானே ஓடுகினம்.

— இஞ்சாருங்கோ, குளிரில நடுங்கிறியள். ஷாலைச் சுத்தினா என்ன?

— தாரும், தாரும். உம்மட கரைச்சலுக்காகத்தான்.

— அம்மா, பாருங்கோ! தம்பி வெளியில வந்திட்டான். அவனிட்டத்தான் பக். போ, போ, போ... கோல்! கோல்! தம்பிதான் அடிச்சது!

— என்ர ராசா! என்ர பிள்ளை!

— இஞ்சேரும்... இஞ்சேரும், மைக்கில என்னவோ சொல்ல, என்ர பேரெல்லோ கேக்குது.

— ஓம் அப்பா!

— எல்லாருமெல்லோ என்ர பேரைச் சொல்லிக் கத்துறாங்கள்! கோதாரி, காரை மாறி விட்டிட்டன். அந்த மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில விடேக்கயே யோசிச்சனான். விலத்து பிள்ளை, இழுத்துக்கொண்டு போகப் போறாங்கள்...

— அப்பா, இருங்கோ! காரை ஒருத்தரும் கேக்கேல்லை.

— பேந்தும் சொல்லுறாங்கள்! முழுப் பேரும் சொல்லுறாங்கள்!

— அப்பா, இருங்கோ எண்டுறன். அம்மா, கையைப் பிடியுங்கோ. வடிவாக் கேளுங்கோ. இஞ்ச ஒருத்தன் கோல் அடிச்சா, மைக்கில நிக்கிறவர் அவன்ர முதல் பேரை மட்டும் சொல்லுவார். தம்பிக்கு "தாரகன்" எண்டு சொல்லிப்போட்டு நிப்பாட்டுவார். மிச்சப் பேரை நாங்கள் சொல்லவேணும். மூண்டு தரம் சொல்லுவார், மூண்டு தரமும் இந்த ஹோல் முழுக்கக் கத்தும்.

— மிச்சப் பேர் எண்டால்...

— கெனாவ், அதேதான். கனகலிங்கம். உங்கட பேர்தான்.

— எனக்கு நெஞ்சு பக் எண்டு போச்சு. கொஞ்சம் தண்ணி தா.

— எழும்பி நிண்ட நிலையைப் பாத்தால், இஞ்ச கனகலிங்கம் ஆரெண்டு முன்வரிசைக்காரருக்கும் விளங்கியிருக்கும்.

— பகிடி விடாதை, பிள்ளை. ஒரு எழுத்துப் பிழையில்லாமச் சொன்னாங்களே. எப்பிடி?

— தம்பி வந்த முதல் வருசம் நாக்குப் பிரளாமக் கஷ்டப்பட்டவை. பேந்து மேளம் அடிக்கிற கூட்டம் அதைத் துண்டு துண்டாப் பிரிச்சுப் பழகினது. கன-க-லிங்-கம். தட்டுக்குத் தட்டுச் சரியா வருதாம். டீமில இருக்கிற பேரிலயே அவைக்கு இதுதான் விருப்பமாம்.

— இஞ்சேரும், நீர் கேட்டனீரே?

— கேட்டனான்.

— நான் இந்த நாட்டுக்கு வந்த புதுசில, வெளிநாட்டார் ஒஃபிசில விசாவுக்குப் போய்க் காத்துக்கொண்டிருப்பன். ஒருத்தி வந்து பேர் வாசிப்பாள். மற்ற எல்லாற்ர பேரையும் வாசிப்பாள். என்ர பேர் வந்தவுடன கடதாசியைப் பாத்துக்கொண்டு அப்பிடியே சத்தமில்லாம நிப்பாள். அந்தச் சத்தமில்லாததுதான் என்ர பேர். அவள் நிப்பாட்டினா நான் எழும்பிடுவன்.

— எனக்குத் தெரியாது அப்பா.

— பஸ் டிப்போவில இண்டைக்கும் நான் "ஹேர் கா", மிஸ்டர் கே. எல்லாத்தையும் வெட்டிப்போட்டு ஒரு எழுத்து. கோபமில்லை, பழகிப்போச்சு. ஆனா இவ்வளவு சனமும்... இப்பிடிக் கத்துற பேரை வேண்டாம் எண்டு உவன் விடுறானே. அதுதான் எனக்கு விளங்கேல்லை. நோகுது, பிள்ளை. உண்மையா நோகுது.

— நான் ஒண்டு கேக்கட்டே? நான் கலியாணம் கட்டி நித்தியானந்தன் எண்டு பேரை மாத்தேக்க உங்களுக்கு நொந்ததே? நானும் கனகலிங்கம்தானே?

— அது... நீ பொம்பிளைப் பிள்ளை. அது வழக்கம்.

— நீங்கள் அண்டைக்கு அந்தப் பத்திரத்தில சாட்சிக்குக் கையெழுத்து வைச்சுப்போட்டுக் கேக் வெட்டினனீங்கள்.

— கிருசா, விடு. அப்பாவோட சண்டை பிடிக்கவோ டிக்கெட் எடுத்தனீ? இஞ்ச பார், இப்பவும் ஒண்டுக்கொண்டுதான். ஆட்டத்தைப் பார்.

— அம்மா, நீங்கள் கதைக்காதேங்கோ. எல்லாரும் கத்தேக்க நீங்கள் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்தனீங்கள். நான் பாத்தனான்.

— எப்பிடியடி நான் அந்தப் பேரைச் சொல்லுறது? விசரி.

— எப்பவும் இதுதான். நான் பிறக்கேக்க ஆசுப்பத்திரியில புருசன்ர பேர் என்ன எண்டு நேர்ஸ் கேக்க, நீங்கள் அந்த நோவிலயும் சொல்லாம அப்பான்ர பொக்கற்றைக் காட்டினனீங்களாம். அதுக்குள்ள ஐடென்ரிற்றிக் கார்ட் இருக்காம்.

— உண்மைதான். அந்த நேர்ஸ் எனக்குப் பேரே இல்லையாக்கும் எண்டு நினைச்சவள்.

— கட்டின மனிசன்ர பேரைச் சொல்லிப் பழக்கமில்லை. அவ்வளவுதான். இனி இந்த வயசிலயோ பழகப் போறன்? இஞ்சாருங்கோ, நான் ஒண்டு சொல்லப்போறன். கோவிக்கக்கூடாது.

— உம்மட கோயில் கதையையே கேட்டிட்டன். இன்னும் என்ன?

— பெடியன் ஏன் அந்தப் பேரை எடுக்கிறான் எண்டு நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை. கத்தினியள். கதவை அடிச்சுச் சாத்தினியள். கேக்கேல்லை.

— அந்தப் பேரை எடுக்கச் சொல்லி அவள் கேட்டிருப்பாள்.

— இல்லை. லேனா வேண்டாம் எண்டுதான் சொன்னவள். உங்களுக்கு அந்தச் சிவப்பு வான் ஞாபகமிருக்கே? அவன் சின்னனா இருக்கேக்க, சனிக்கிழமை விடியவே வந்து கீழ நிண்டு ஹோர்ன் அடிக்கிறது?

— மறப்பனே? வெள்ளி இரவு பஸ் ஓடிப்போட்டு வந்து அப்பத்தான் கண் அயருவன். பாம் பாம் எண்டுவான். எத்தினை நாள் அவனைத் தூசணத்தால ஏசியிருப்பன்.

— அவர்தான் ஹாகெமன், லேனான்ர தகப்பன்.

— என்ன?

— அவர்தான் சின்னப் பெடியளுக்கு ஐஸ் ஹொக்கி பழக்கினவர். தன்ர மகளையும் ஏத்திக்கொண்டு, எங்கட பிள்ளையையும் ஏத்திக்கொண்டு போவார். இடம் இருந்தா என்னையும். மாட்ச் எங்கயெண்டாலும் அந்த வான்தான். போன வருசம் காலமாயிட்டார். லேனா ஒரே பிள்ளை. அந்தப் பேர் அவளோட முடிஞ்சுது.

— ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?

— பெடியன்தான் சொல்லவேண்டாம் எண்டவன். "அப்பா வரேல்லை, அதுதான் மற்றவர் வந்தவர் எண்டு சொல்லிக் காட்டுற மாதிரி இருக்கும், அம்மா. அப்பாக்கு நோகும். என்னோட கோபமாயே இருக்கட்டும்" எண்டவன்.

— நான்... சனி ஞாயிறு ஓடினாத்தான் கூடச் சம்பளம் தாறவங்கள். உந்த ஐஸ் சப்பாத்து வருசத்துக்கு வருசம் காலுக்குக் காணாது. புதுசு வாங்கவேணும். அதுக்குத்தான் ஓடினனான்.

— அவனுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். அதாலதான் சொல்லுறன்.

— அம்மா! மியூனிக்! ஐயோ, பக் கோல் காக்கிற கோலியைத் தாண்டிப் போட்டுது!

— முடிஞ்சுதே?

— முடியப் போகுது. கொஞ்ச நேரம்தான் கிடக்கு. கோலியை வெளியில எடுத்துப்போட்டு ஒரு ஆளைக் கூட விடுகினம். தம்பியும் நிக்கிறான்... அடி, அடி... இல்லை. முடிஞ்சுது. தோத்திட்டம்.

— என்ர பிள்ளை ஐசில முழங்காலில இருக்கிறான். பாருங்கோ. ஆரும் போய்த் தூக்குங்கோவன்.

— தூக்கிறாங்கள், அம்மா. அழாதேங்கோ. இனித் தோத்த டீமுக்கு வெள்ளி மெடல் குடுப்பினம். பேந்துதான் கப்.

— இஞ்சேரும், எங்கட ஆக்கள் எழும்பிப் போறாங்களே?

— மேளக்காரரும் மேளத்தைக் கட்டினம். தோத்தால் ஆருக்கு அப்பா நிக்க மனம் வரும்? அங்கால நீலக்காரர் பாட்டுப் படிக்கினம். மைக்கில சொல்லுறதும் வடிவாக் கேக்குதில்லை.

— அப்ப மெடலுக்கும் பேர் சொல்லுவாங்களோ?

— ஓம். முன்னுக்கு வரேக்க ஒருக்கா, கழுத்தில போடேக்க ஒருக்கா. அந்தா, லேனாவும் தாயும் கீழ கண்ணாடிக்குக் கிட்ட நிக்கினம். பதினஞ்சு... பதினாறு... இனித் தம்பி. மைக்கில சொல்லுறார், கேளுங்கோ.

— நம்பர் பதினேழு! தாரகன்...!

— ஒருத்தரும் சொல்லீனமில்லை. அம்மா, ஒருத்தருமே...

— கனகலிங்கம்!

— அம்மா!

— இஞ்சேரும்... நீரோ? நீரோ இப்பக் கத்தினது?

— ஓம். ஏன் அப்பிடிப் பாக்கிறியள்?

— கட்டின நாளில இருந்து ஒருநாளும் என்ர பேரை நீர்...

— உங்கட பேரை ஆர் சொன்னது? நான் என்ர பிள்ளையின்ர பேரைச் சொன்னன். அது அவனுக்கு நீங்கள் குடுத்தது. குடுத்தால் அவன்ர. உங்கட பேரை நான் சொல்லுவனே?

— அம்மான்ர சத்தம் கேட்டிட்டுது, தம்பி மேல பாக்கிறான்! லேனாவும் திரும்பிப் பாக்கிறா. அப்பா, நீங்கள் ஏன் எழும்புறியள்? உங்களைக் கூப்பிடேல்லை.

— தெரியும், பிள்ளை. இன்னொருக்காச் சொல்லுவாரெல்லோ?

— ஓம், மெடல் போடேக்க. இப்பச் சொல்லுவார்.

— அப்ப விலத்து. நான் கத்துறது கீழ மட்டும் கேக்கவேணும்.

— தாரகன்...!

— ஹாகெமன்!