அரசிக்குப் பிரசவ வலி

எனக்குச் சங்கீதத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது ஐயா. ரோமாபுரி அரங்கின் தெற்கு வாசலில் நின்றால் சம்பளம் என்றார்கள், நின்றேன். சக்கரவர்த்தி பாடும்போது ஒருவரும் வெளியே போகக் கூடாது. கதவைப் பூட்டிக்கொண்டு நிற்பதுதான் வேலை. வெயிலில் மயங்கி விழுந்தவர்களைக்கூடப் பாட்டில் சொக்கிப்போனார்கள் என்றுதான் சொல்லிக்கொள்வோம்.

அன்று அவருக்குப் பெண் வேடம். பிரசவ வலியில் துடிக்கும் அரசியாக, முகமூடி மாட்டி, பட்டுடுத்தி மேடையில் உருண்டார். ஒரு முனகலை எடுத்தால் விடமாட்டார். தொந்தி மட்டும் வேடத்துக்குப் பொருத்தமாக இருந்தது.

ரொட்டி சுடும் நேவியஸ் என்னிடம் வந்தான். எங்கள் தெருக்காரன்.

"அண்ணே, என் பொண்டாட்டி தெர்துல்லாவுக்குக் காலையிலேயே வலி கண்டிருச்சு. மருத்துவச்சியைக் கூப்பிடப் போன என்னை, கூட்டம் சேர்க்கணும்னு சிப்பாய்ங்க இங்க ஓட்டிட்டு வந்துட்டாங்க. வீட்ல அவ தனியாக் கிடக்கா. கதவைத் திறங்கண்ணே."

"ராஜாவுக்கே இன்னும் பொறக்கலியேப்பா. பொறந்ததும் திறக்கறேன்."

"இவரு பெத்து முடிக்கிறதுக்குள்ள என் புள்ளைக்கு மீசை முளைச்சிரும்ண்ணே."

சிரிப்புச் சத்தம் ஒன்று கேட்டது. மேடையில் முனகல் பாதியில் நின்றது. சக்கரவர்த்தி முகமூடியைக் கழற்றினார். வேர்வையில் கண்மை கன்னம்வரை வழிந்திருந்தது.

"என் வலியைப் பார்த்துச் சிரிச்சவன் எவன்டா?"

நான் நேவியஸைக் கைகாட்டினேன். அவன் என்னைப் பார்த்தான், வாய் திறந்தான். அதற்குள் காவலர்கள் பிடித்துவிட்டார்கள். மேடைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கழுத்தை நெரித்தார்கள். வாயில் துணி அடைக்கச் சொன்னது நான். பாட்டு கெட்டுவிடக் கூடாதல்லவா.

சக்கரவர்த்தி முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒருவழியாகப் பிள்ளை பிறந்தது. துணி சுற்றிய மரப்பொம்மை. எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினோம். பலர் அழுதார்கள். அவர் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார்.

தெர்துல்லா துணையில்லாமல் பெற்றாள். பிள்ளை தங்கவில்லை. மறுநாள் அவளும் போய்விட்டாள். வருத்தம்தான். எங்கள் தெருவில் இப்போது நல்ல ரொட்டியே கிடைப்பதில்லை.

அந்தச் சக்கரவர்த்தியும் ஒழிந்த பிறகு நீங்கள் வந்து கேட்கிறீர்கள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? சிரித்தது நான்தான். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள் ஐயா, சிரிக்கும்படி பேசியவன் அவன்தானே.